அதிபர் மீண்டும் வெல்வாரா? அமெரிக்கத் தேர்தல் கணிப்பு குறித்து ஓர் எளிய விளக்கம்

2012-ஆம் ஆண்டு பராக் ஒபாமா இரண்டாம் முறையாகப் போட்டியிட்டபோது, அமெரிக்கத் தொலைக்காட்சிகளிலும் செய்தித்தாள்களிலும் ஒரு வாக்கியம் ஓயாமல் ஒலித்தது: ‘பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு, வேலையின்மை 7.2 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது எந்த அதிபரும் மீண்டும் வென்றதில்லை.’ அந்த ஆண்டு வேலையின்மை ஏறத்தாழ 8 சதவீதம். ஆகவே ஒபாமாவின் தோல்வி உறுதி என்று பலர் முடிவு கட்டினார்கள். நவம்பரில் அவர் 332-க்கு 206 என்ற கணக்கில் மிட் ராம்னியை வென்றார்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 7.2 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1984-இல் ரொனால்ட் ரீகன் வென்றபோது இருந்த வேலையின்மை விகிதம் அது. அதற்கு மேற்பட்ட வேலையின்மையோடு தேர்தலைச் சந்தித்துத் தோற்றவர்கள் மூன்றே பேர்: 1976-இல் ஜெரால்ட் ஃபோர்டு, 1980-இல் ஜிம்மி கார்ட்டர், 1992-இல் மூத்த புஷ். மூவரின் தோல்விக்கும் ஒருவரின் வெற்றிக்கும் நடுவே ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு விதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு’ என்ற சொற்களும் விதியைக் காப்பாற்றப் போட்ட ஒட்டுதான்; ஏனெனில் ரூஸ்வெல்ட் 1936-இல், 7.2 சதவீதத்தைவிட அதிகமான வேலையின்மைக்கு நடுவில், அன்றிருந்த 48 மாகாணங்களில் 46-ஐ வென்றிருந்தார்.

பதவியில் இருக்கும் அதிபர் மீண்டும் வெல்வாரா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இத்தகைய ‘விதி’களும், பாதி புரிந்துகொள்ளப்பட்ட சதவீதங்களும் கலந்து ஓடுகின்றன. கணிப்பவர்கள் எதை வைத்துக் கணிக்கிறார்கள், அவர்கள் சொல்லும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை, புள்ளியியல் படிக்காதவரும் பின்தொடரக்கூடிய வகையில், இங்கே பார்க்கலாம்.

பன்னிரண்டு பேரை வைத்து எத்தனை விதி?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பதவியில் இருந்துகொண்டே பொதுத்தேர்தலைச் சந்தித்த அதிபர்கள் 12 பேர். ட்ரூமன் (1948), ஐசனோவர் (1956), ஜான்சன் (1964), நிக்சன் (1972), ரீகன் (1984), கிளின்டன் (1996), இளைய புஷ் (2004), ஒபாமா (2012) ஆகிய எட்டுப் பேர் வென்றார்கள். மேலே சொன்ன மூவரும், 2020-இல் டொனால்ட் டிரம்பும் தோற்றார்கள். ஆக, மூன்றில் இரண்டு பங்கினர் வென்றிருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எதுவும் அறியாத நிலையில், அவரைப் போன்றவர்களுக்கு முன்பு என்ன நடந்தது என்பதைக் காட்டும் இந்த எண்ணை ‘அடிப்படை விகிதம்’ என்பார்கள். நோயாளியை இன்னும் தொட்டுப் பார்க்காத மருத்துவர், “இந்தப் பருவத்தில் காய்ச்சலோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று நாளில் சரியாகிவிடுகிறது” என்று சொல்வதைப் போன்றது இது. தொடங்குவதற்கு நல்ல இடம், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது.

இந்த விகிதம் உள்ளதைவிடச் சற்று அழகாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட விரும்பும் பள்ளி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பொதுத்தேர்வு எழுதவிடாமல் தனித்தேர்வராக அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். அமெரிக்க அதிபர்களில் சிலர் அதைத் தமக்குத் தாமே செய்துகொண்டார்கள். 1952-இல் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் தோற்ற ட்ரூமன், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். வியட்நாம் போரின் சுமையோடும் கட்சிக்குள் எதிர்ப்போடும் இருந்த ஜான்சன் 1968 மார்ச்சில் ஒதுங்கினார். ஜோ பைடன் 2024 ஜூலை 21 அன்று விலகினார். இந்த மூவரையும் வெல்லாதவர்கள் கணக்கில் சேர்த்தால் 12-க்கு 8 என்பது 15-க்கு 8 ஆகிவிடும், ஏறத்தாழப் பாதி.

எண்ணிக்கை இவ்வளவு சிறிதாக இருக்கும்போது எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம். தேர்தலுக்கு முந்தைய கடைசி உள்ளூர் ஆட்டத்தில் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் கால்பந்து அணி வென்றால் ஆளும் கட்சி வெள்ளை மாளிகையைத் தக்கவைக்கும், தோற்றால் இழக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 1940 முதல் 2000 வரை அது பொருந்தியே வந்தது. 2004-இல் அணி தோற்றது, இளைய புஷ் வென்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். என்ன, காக்கை அறுபது ஆண்டுகள் சரியான நேரத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஓஹாயோ மாகாணத்தைப் பற்றிய நம்பிக்கைக்காவது சற்றுப் பொருள் உண்டு, அங்கே நாட்டின் பல வகை மக்களும் வாழ்கிறார்கள் என்பதால். ஆனால் 1964 முதல் 2016 வரை வெற்றியாளரையே தேர்ந்தெடுத்து வந்த ஓஹாயோவும் 2020-இல் தோற்றவர் பக்கம் நின்றது.

இதுவரை சொன்னதன் சாரம்: பதவியில் இருப்பவருக்கு வரலாறு ஓரளவு சாதகமானது, ஆனால் அந்த வரலாறு ஒரு டசன் பேரின் கதைதான். ‘இதுவரை நடந்ததில்லை’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டால், ‘எத்தனை முறையில்?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

அதே சமையல்காரரை மறுபடியும் அழைப்பதா?

மூத்த மகளின் திருமணத்துக்குச் சமைத்தவரையே இளைய மகளின் திருமணத்துக்கும் அழைப்பதா என்று ஒரு குடும்பம் யோசிக்கிறது. அவர்கள் எடுத்தவுடன் ஊரிலுள்ள எல்லாச் சமையல்காரர்களையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதில்லை. ‘போன தடவை பந்தி எப்படி இருந்தது?’ என்பதே முதல் கேள்வி. அதற்கு நல்ல பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சாம்பார் பற்றாமல் போன நினைவு இருந்தால்தான் அடுத்தவரின் பெயர் அடிபடும்.

பதவியில் இருக்கும் அதிபர் போட்டியிடும் தேர்தல் பெருமளவுக்கு இப்படித்தான் இயங்குகிறது. எதிர்வேட்பாளர் யார் என்பதற்கு முன்னால், இருப்பவர் தேறினாரா என்று மக்கள் தீர்ப்பளிக்கிறார்கள். 1980 அக்டோபர் விவாதத்தில் கார்ட்டரை எதிர்கொண்ட ரீகன், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது உங்கள் நிலை மேம்பட்டிருக்கிறதா என்று வாக்காளர்களைக் கேட்டது இந்த இயக்கத்தை நன்கு அறிந்துதான். அந்த ஆண்டு பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாகி ஓராண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கார்ட்டர் 49 தேர்வாளர் வாக்குகளே பெற்றார், ரீகன் 489.

இந்தத் தீர்ப்பை முன்கூட்டியே அளக்க இரண்டு அளவுகோல்கள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று ‘ஆதரவு விகிதம்’: அதிபர் தம் பணியைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்பவர்களின் பங்கு. கருத்துக் கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதைக் கேட்டு வந்தது. மற்றொன்று பொருளாதாரம். இரண்டிலும், எண் எவ்வளவு என்பதைப் போலவே அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் முக்கியம். தொடக்கத்தில் பார்த்த 7.2 விதி தவறவிட்டது இதைத்தான். 1982 இறுதியில் 10.8 சதவீதமாக இருந்த வேலையின்மை 7.2-க்கு இறங்கி வந்ததால்தான் ரீகனின் 7.2 மக்களுக்கு விடிவாகத் தெரிந்தது. ஒபாமாவின் காலத்திலும் அது 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டுப் படிப்படியாகக் குறைந்துகொண்டிருந்தது. மூத்த புஷ்ஷுக்கோ 1992 கோடையில் ஏறுமுகமாக இருந்தது. இறங்கும் காய்ச்சலில் 101 டிகிரியும் ஏறும் காய்ச்சலில் 101 டிகிரியும் ஒன்றாகுமா?

மூத்த புஷ்ஷின் கதை இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. வளைகுடாப் போர் முடிந்த 1991 மார்ச்சில் அவருடைய ஆதரவு விகிதம் 89 சதவீதம். அதைக் கண்டு, அடுத்த ஆண்டுத் தேர்தல் வெறும் சடங்கு என்று நினைத்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு கோடைக்குள் அது 40-க்குக் கீழே விழுந்தது. நவம்பரில் அவர் பெற்ற வாக்கு 37 சதவீதம்தான். ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் எடுத்த அளவு, சித்திரையில் நின்றுகொண்டு ஐப்பசி மழையைச் சொல்வதற்குச் சமம்.

சொந்தக் கட்சிக்குள்ளேயே வலுவான போட்டி எழுகிறதா என்பதையும் அனுபவசாலிகள் கவனிப்பார்கள். ஃபோர்டை ரீகனும், கார்ட்டரை எட்வர்ட் கென்னடியும், மூத்த புஷ்ஷைப் பேட் புக்கானனும் உட்கட்சித் தேர்தலில் எதிர்த்தார்கள். மூன்று அதிபர்களும் வேட்பாளர் ஆனார்கள், மூவரும் நவம்பரில் தோற்றார்கள். இதுவும் மூன்று பேரின் கதைதானே என்று கேட்கலாம்; நியாயம். ஆனால் ரெட்ஸ்கின்ஸ் ஆட்டத்துக்கு இல்லாத காரணத் தொடர்பு இதற்கு உண்டு: வீட்டுக்குள்ளேயே பந்தி பிடிக்கவில்லை என்றால் விருந்தினர் எப்படிப் புகழ்வார்கள்?

பொருளாதார வளர்ச்சி, ஆதரவு விகிதம், கட்சி எத்தனை காலமாக ஆட்சியில் இருக்கிறது என்பவற்றை ஒரு சமன்பாட்டில் இட்டு வாக்கு விகிதத்தைக் கணிப்பதைப் பேராசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ரே ஃபேர் 1970-களிலேயே தொடங்கிவிட்டார். இவற்றைக் ‘கணிப்புச் சூத்திரம்’ என்று அழைப்போம். சூத்திரம் தான் பார்த்துப் பழகிய எண்களுக்குள்தான் நம்பகமானது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டாம் காலாண்டில் பொருளாதாரம் வரலாறு காணாத அளவு சுருங்கி, மூன்றாம் காலாண்டில் வரலாறு காணாத அளவு எழுந்தது. இரண்டாம் காலாண்டின் எண்களை அப்படியே போட்டால் டிரம்புக்கு நம்ப முடியாத அளவு படுதோல்வி என்று சூத்திரம் சொல்லும். அவர் தோற்றார், ஆனால் 46.8 சதவீத வாக்குகளுடன்.

ஒரு பானைச் சோறும் கிளறாத பானையும்

அடுத்தது கருத்துக் கணிப்பு. சில ஆயிரம் பேரைக் கேட்டு 15 கோடி வாக்காளர்களின் மனத்தை அறிய முடியுமா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் பதில் சொல்லிவிட்டார்கள். பானை பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும், அல்லது நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். இப்படி எடுக்கும் சிறு தொகுப்புக்கு ‘மாதிரி’ என்று பெயர்.

கிளறாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1936-ஐவிடச் சிறந்த சான்று கிடையாது. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. அவற்றை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரிகளை எடுத்ததும், பதில் எழுத முனைப்புள்ளவர்கள் மட்டுமே எழுதியதும் சேர்ந்து மாதிரியை ஒருபக்கம் சாய்த்துவிட்டன. அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். அடுத்த தடுமாற்றம் கேலப்புக்கும் வந்தது: 1948-இல் கணிப்பாளர்கள் தேர்தலுக்கு வெகு முன்பே கேள்வி கேட்பதை நிறுத்திவிட, எதிர்வேட்பாளர் டூயி தோற்கடிப்பார் என்று எல்லோரும் நம்பிய ட்ரூமன் வென்றார்.

சரியாகக் கிளறி எடுத்தாலும் தற்செயலான ஏற்ற இறக்கம் இருக்கவே செய்யும். அதன் அளவுதான் ‘பிழை வரம்பு’. ஆயிரம் பேரைக் கேட்ட கணிப்பில் அது கூட்டியோ குறைத்தோ சுமார் 3 சதவீதப் புள்ளிகள். இது ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் உரியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு 48, மற்றவருக்கு 46 என்றால், முன்னவர் 46-ஆகவும் பின்னவர் 48-ஆகவும் இருக்கக்கூடும். ‘இரண்டு புள்ளி முன்னிலை’ என்ற தலைப்புச் செய்தி பெரும்பாலும் ‘யார் முன்னால் என்று தெரியவில்லை’ என்பதன் மறுபெயர். அதோடு, பிழை வரம்பு தற்செயலை மட்டுமே அளக்கும். கிளறாத பானையால் வரும் பிழை அதில் அடங்காது. 2016-இல் பல மாகாணக் கணிப்புகள் கல்லூரிப் படிப்பு இல்லாத வாக்காளர்களின் பங்கைச் சரிசெய்யத் தவறியதால் டிரம்பின் வலிமையைக் குறைத்துக் காட்டின.

வாலிபால் ஆட்டத்தின் கணக்கு

வாலிபாலில் ஓர் அணி இரண்டு செட்டுகளை 25-10 என்று வென்று, மூன்று செட்டுகளை மயிரிழையில் இழந்தால் ஆட்டத்தையே இழக்கும். மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் அந்த அணிதான் அதிகம் எடுத்திருக்கும், ஆனால் கோப்பை மற்றவர்க்கு. அமெரிக்க அதிபர் தேர்தலும் செட் கணக்கில்தான் நடக்கிறது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு மாகாணத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ அத்தனை ‘தேர்வாளர் வாக்குகள்’ அதற்கு உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்குரிய 3-ஐயும் சேர்த்து மொத்தம் 538. வெற்றிக்கு 270 தேவை. 48 மாகாணங்களில், ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றவர்கூட அம்மாகாணத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளையும் அள்ளிக்கொள்வார். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் விலக்கு. வாக்கு சதவீதம் வேறு, தொகுதி எண்ணிக்கை வேறு என்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. இங்கே 51 ‘தொகுதிகள்’தான், அவற்றின் எடை மட்டும் வெவ்வேறு.

ஆகவே நாடு முழுவதும் அதிபருக்கு எவ்வளவு ஆதரவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்றவை எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். முடிவு எந்தப் பக்கமும் சாயக்கூடிய ‘ஊசலாடும் மாகாணங்கள்’ சிலவற்றில்தான் இருக்கிறது. 2020-இல் பைடன் நாடளவில் டிரம்பைவிட 70 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் அவருடைய முன்னிலைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 43,000 தான். அந்த மூன்றும் டிரம்ப் பக்கம் போயிருந்தால், 306-க்கு 232 என்றிருந்த கணக்கு 269-க்கு 269 என்று சமனாகி, முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போயிருக்கும். தெளிவான வெற்றி என்று ஒரு பக்கமும் மயிரிழை என்று மறு பக்கமும் ஒரே தேர்தலைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். இருவர் சொல்வதும் சரிதான், ஒருவர் புள்ளிகளை எண்ணுகிறார், மற்றவர் செட்டுகளை.

சுருக்கமாக: அதிபரைப் பற்றிய தீர்ப்பு நாடு தழுவியது, அதை அளக்கும் கருவி கருத்துக் கணிப்பு, அது பலிப்பது மாகாணக் கணக்கில். இம்மூன்றையும் ஒன்றாகக் கோப்பதே அடுத்த படி.

29 சதவீதம் என்றால் என்ன?

2016 தேர்தல் நாளன்று, புள்ளியியலாளர் நேட் சில்வர் நிறுவிய ஃபைவ்தர்ட்டிஎயிட் தளம் (தேர்வாளர் வாக்குகளின் எண்ணிக்கையே அதன் பெயர்) டிரம்பின் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ 29 சதவீதம் என்றது. அவர் வென்றதும், கணிப்பு பொய்த்தது என்று உலகமே கைகொட்டிச் சிரித்தது.

அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு மாகாணத்தின் கருத்துக் கணிப்புகளையும் திரட்டி, அவை கடந்த காலத்தில் எவ்வளவு தவறின என்பதைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குத் தவறுகளை வேண்டுமென்றே கலந்து, கணினியில் தேர்தலைப் பல்லாயிரம் முறை ஒத்திகை பார்ப்பார்கள். அந்த ஒத்திகைகளில் எத்தனை பங்கில் ஒருவர் 270-ஐத் தொடுகிறாரோ அதுவே அவருடைய வெற்றியின் ‘நிகழ்தகவு’. 29 சதவீதம் என்பது அவர் பெறப்போகும் வாக்கு விகிதம் ஆகாது. தோல்வி அறிவிப்பும் ஆகாது. பகடையை உருட்டினால் 5 அல்லது 6 விழுவதற்கான வாய்ப்பைவிட அது சற்றே குறைவு, அவ்வளவுதான். பகடையில் 6 விழுந்தபோது யாரும் பகடை பொய்த்தது என்பதில்லை.

உண்மையில் அந்த ஆண்டு தவறியவர்கள் ஹிலாரி கிளின்டனுக்கு 99 சதவீதம் கொடுத்த சிலர். அவர்களின் தவறு நுட்பமானது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் ஒருசேரக் கணிப்பு தவறுவது அரிது என்று எண்ணினார்கள். ஆனால் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் கடலூரில் மட்டும் பெய்துவிட்டு நாகப்பட்டினத்தை விட்டுவிடுமா? ஒரே மாதிரியான மக்கள் வாழும் மாகாணங்களில் கணிப்பு தவறினால் ஒரே திசையில் சேர்ந்தே தவறும். இதைச் ‘சேர்ந்து வரும் பிழை’ எனலாம். மூன்றும் ஒன்றாகச் சாய்ந்தன. மூன்றிலும் சேர்த்து டிரம்பின் முன்னிலை 80,000-க்கும் குறைவு.

நிகழ்தகவைச் சொல்லும் கணிப்பாளர் எப்போதும் தப்பித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அவரைச் சோதிக்க வழி உண்டு: அவர் ‘70 சதவீதம்’ என்று சொன்ன எல்லாவற்றையும் திரட்டி, பத்தில் ஏழு பலித்ததா என்று பார்க்க வேண்டும். நாள்தோறும் மழை சொல்கிறவரை ஓராண்டில் இப்படிச் சோதித்துவிடலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதிபரைச் சொல்கிறவரைச் சோதித்து முடிப்பதற்குள் நாம் இருக்க மாட்டோம். அதனால்தான் வரிசையாகப் பலமுறை சரியாகச் சொன்னவரை ஞானியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலநடுக்க ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1981-இல் ‘13 சாவிகள்’ முறையை (ஆம், இல்லை என்று விடை சொல்லும் 13 கேள்விகள்) வகுத்த வரலாற்றாசிரியர் ஆலன் லிச்ட்மேன் பல தேர்தல்களைச் சரியாகச் சொன்னவர். 2024-இல் கமலா ஹாரிஸ் வெல்வார் என்றார், டிரம்ப் வென்றார். அவருடைய சாவிகள் பயனற்றவை என்று இதனால் ஆகிவிடாது. அவற்றில் பல, சமையல்காரர் கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தான். ஆனால் வேட்பாளருக்கு வசீகரம் உண்டா என்பது போன்ற சாவியைத் திருப்புவது யார் கை என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும்.

2028-இல் இந்தக் கேள்வி எழுமா?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தம் 1951-இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு முறை வென்ற ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு, எவரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று அது சொல்கிறது. இரண்டு வெற்றிகளும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. 1884-இல் வென்று, 1888-இல் தோற்று, 1892-இல் மீண்டும் வென்ற குரோவர் கிளீவ்லாண்டுக்குப் பிறகு அப்படி இடைவெளி விட்டுத் திரும்பியவர் டிரம்ப். 2016, 2024 என இரண்டு வெற்றிகளும் முடிந்துவிட்டதால் 2028 தேர்தலில் அவர் வேட்பாளராக முடியாது. எனவே 12-க்கு 8 என்ற அடிப்படை விகிதத்தை எடுத்துக்கொண்டு 2028-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் பொருந்தாத சட்டையை மாட்டுகிறார்கள். 1974 ஆகஸ்டில் ஃபோர்டுக்கு நேர்ந்தது போல் துணை அதிபர் இடையில் பதவி ஏற்க நேர்ந்தாலொழிய, பதவியில் இருப்பவர் மீண்டும் வெல்வாரா என்று கேட்பதற்குரிய அடுத்த தேர்தல் 2032-இல்தான் வரும்.